பின்னால் வந்த பஸ்

"பாம்... பாம்... பாம்..."

"ஏம்ப்பா டிரைவர், அந்த ஹாரனைக் கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்!" கத்தினார் ஆடிட்டர்.

டிரைவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அரை மாரத்தானில் ஓட முடியாமல் பாதியில் நின்றவர்களை அள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக வரும் பஸ் அது. இருபத்தொரு கிலோமீட்டரில் பதினைந்தாவதில் ஆடிட்டர் ஏறிவிட்டார். ஆறு மாதம் அலாரம் வைத்து எழுந்ததெல்லாம் வீண். ஆபீஸில் ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது வேறு. நாளைக்கு எந்த முகத்தோடு போவது? நினைக்கவே அலுப்பாக இருந்தது.

பஸ்ஸுக்குள் மொத்தம் பதினொரு பேர், ஷூவைக் கழற்றிவிட்டுத் துவண்டு கிடந்தார்கள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெளியே, சாலையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அதை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. அவர் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினால் போதும், டிரைவரின் கை ஹாரனுக்குப் போய்விடும்.

"யாருங்க அவங்க?"

"லைப்ரரியில வேலை பார்க்கறாங்க. என்கிட்ட பல்லு காட்ட வருவாங்க" என்றார் பக்கத்து சீட் பல் டாக்டர். "இது மூணாவது வருஷம். போன தடவை பதினெட்டுல இதே பஸ்ல ஏறி என் பக்கத்துலதான் உக்காந்தாங்க. வழி பூரா அழுகை. இந்தத் தடவையும் முடிக்கலேன்னா ஷூவைத் தூக்கிப் போட்டுடுவேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ போன வருஷம் நீங்களும்..."

"எனக்கு இது நிரந்தர சீட்டு சார்."

"பாம்... பாம்..."

அந்த அம்மாள் திரும்பி முறைத்தார். முகம் கன்றிச் சிவந்திருந்தது. மறுபடி காலை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"இதென்ன அக்கிரமம்!" ஆடிட்டர் எழுந்துவிட்டார். "ஒண்ணு, மரியாதையா அவங்களை ஏத்திக்கோ. இல்லே, தாண்டிப் போ. எங்களுக்குக் கால்ல ஐஸ் வைக்கணும், வீடு போய்ச் சேரணும். நீ என்னடான்னா உருட்டிக்கிட்டே வர்றே!"

"உக்காருங்க சார்." அவ்வளவுதான் பதில்.

டிரைவரின் போன் அடித்தது, மைதானத்திலிருந்து.

"வந்துட்டேதான் இருக்கேன் சார்... ரேடியேட்டர் சூடாயிடுச்சு, தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். அஞ்சே நிமிஷம்."

ரேடியேட்டர் சூடாகவும் இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. மனுஷன் வாய் கூசாமல் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"இல்ல சார், உள்ளே ஒருத்தருக்கு வாந்தி. ஓரமா நிறுத்தியிருக்கேன்."

பதினொரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் தன்னையறியாமல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொய் வேறயா? இரு, இறங்கினதும் உன்மேல எழுதிக் குடுக்கறேன்" என்று ஆடிட்டர் வண்டி நம்பரைப் போனில் குறித்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் அந்த அம்மாள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டார். தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் பதினொரு பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று எல்லோருக்குமே தெரியும்.

டிரைவர் ஹாரனை அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவேயில்லை. காது கிழிந்தது.

அந்த அம்மாள் விருட்டென்று எழுந்தார். கீழே கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து பஸ்ஸைப் பார்த்து வீசினார். கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பித்தார்.

"நல்லா வேணும்!" கைதட்டினார் ஆடிட்டர்.

டிரைவர் சிரித்தார். அதுதான் ஆடிட்டருக்குப் புரியவில்லை.

மைதானத்து கேட் தெரிந்ததும் டிரைவர் இன்னும் வேகத்தைக் குறைத்தார். அந்த அம்மாள் கேட்டுக்குள் நுழைந்து, முடிவுக் கோட்டைத் தாண்டி, கழுத்தில் மெடலை மாட்டிவிட்டவர் தோளிலேயே சாய்ந்து அழுதார். அதற்கப்புறம்தான் பஸ் உள்ளே போனது.

உடனே வாசலில் ஒரு குரல் கேட்டது. "பஸ் வந்தாச்சு! கேட்டை மூடுங்கப்பா. இனிமே யார் வந்தாலும் மெடல் கிடையாது."

புகார் கொடுக்க இறங்கிய ஆடிட்டர் அப்படியே நின்றார். கேட்டைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார்.

"அப்போ... இந்த பஸ் உள்ளே வர்ற வரைக்கும் கேட் திறந்திருக்குமா?"

"ஆமா சார். கணக்கு அதுதான்" என்றார் டிரைவர், கண்ணாடியைத் துணியால் துடைத்தபடி.

ஆடிட்டர் போனைப் பைக்குள் போட்டார். குரல் தானாக இறங்கியது.

"ஏங்க, அதை அவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே? ஹாரன் எதுக்கு?"

"ஆறுதலாப் பேசினா உக்காந்துடுவாங்க சார். கோபம் வந்தாத்தான் கால் நகரும். பத்து வருஷமாப் பார்க்கறேனே."

ஆடிட்டர் பெருமூச்சு விட்டார். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"குடுத்து வெச்சவங்க. எங்களுக்கெல்லாம் இப்படிப் பின்னாடி வர ஆள் இல்லையே."

டிரைவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தேன் சார். நீங்கதான் வழி கேக்கறேன்னு நெனச்சு ஒதுங்கி நின்னுட்டீங்க."