கூரை மேல் போட்ட நாலு பல்

"எடுத்த நாலு பல்லையும் பொட்டலம் கட்டிக் குடுத்துடுங்க டாக்டரம்மா" என்றார் அமலதாஸ். பத்தாவது படிக்கும் மகள் வெனிலா, பஞ்சைக் கடித்தபடி அப்பாவை முறைத்தாள்.

திண்டிவனத்துப் பல் டாக்டர் கலைமதிக்குத் திக்கென்றது. மூட்டை தூக்கும் இந்த மனுஷன் முதல் நாளே, "சொத்தையில்லாத பல்லை ஏம்மா புடுங்கணும்?" என்று மல்லுக்கு நின்றவர். புகார் கொடுக்கப் போகிறாரோ?

"பல்லு நெருக்கிக்கினு கடியே சேரலைங்க. இடம் விட்டாத்தான் கம்பி போட்டு நேராக்க முடியும்" என்று மறுபடி சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பியைக் கழற்றிய அன்று, அமலதாஸ் மகளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலு ஓட்டையையும் காணோம். கை தானாகக் கும்பிட்டது.

"சாணியில உருட்டிக் கூரை மேல போட்டேம்மா. பால் பல்லு விழுந்தாத்தான் திரும்ப முளைக்கும்னு ஊரே சிரிச்சுது. முளைச்சுடுச்சு பாருங்க!"

"முளைக்கலைங்க. மத்த பல்லுங்க எலும்புக்குள்ளயே நகர்ந்து வந்து ரொப்பிடுச்சு. முன்னே இருபத்தெட்டு. இப்ப எண்ணுங்க."

எண்ணினார். இருபத்து நாலு.

"எலும்புக்குள்ள பல்லு நடந்துகினு வந்துச்சா? முளைச்சுதுன்னே சொல்லிக்கிறேம்மா. இதைச் சொன்னா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்!"