கொடுத்தவர் அனுமதி

முப்பது வருடம் வெளிநாட்டுப் போர்களிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய தணிகாசலம், தன் பழைய குறிப்பேடுகளைப் பார்க்க ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்தார். சுயசரிதையை இந்த மாதமே பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். நடந்ததில் பாதி மறந்துவிட்டது. அவை இருந்த பெட்டியைக் காப்பகத்துக்குக் கொடுத்தவரின் அனுமதி வேண்டும் என்று அங்கே வேலை பார்க்கும் மாதங்கி மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எழுதினது நான்மா.”

“கொடுத்தது உங்க வீட்டம்மா, சார். நீங்க மூட்டு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்போ.”

எத்தனையோ எல்லைகளை அனுமதிச்சீட்டு இல்லாமல் தாண்டிய மனிதர், வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு மாதங்கியிடம் நீட்டினார்.

“பெட்டியில மேலாக ஒரு கட்டு இருக்கும்,” என்றார் மனைவி கோமளா. “நான் அவருக்குப் போட்ட கடுதாசி. ஒண்ணைக்கூடப் பிரிக்கலை. எல்லாத்தையும் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிட்டு, அப்புறம் நோட்டைத் தொடட்டும்.”

மாதங்கி அதை விண்ணப்பத்தில் ‘நிபந்தனை’ என்ற இடத்தில் எழுதிக்கொண்டாள். உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை. பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். அந்தக் கட்டுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் இருந்தன. முதல் உறையை அவர் கண்ணிவெடியைப் பிரிப்பதுபோலப் பிரித்தார். ‘பால்காரர் தண்ணீர் கலக்கிறார். ஆளை மாற்றட்டுமா?’ என்று இருந்தது.

அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தார். பிறகு மாதங்கியை அருகில் அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “வீட்டுக்கு இன்னொரு போன் போட்டு, இப்போ எங்களுக்கு யார் பால் போடறாங்கன்னு கேட்டுச் சொல்றியாம்மா? நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே.”