கை ஏறாத ரவிக்கை

திலகவதிக்கு ரவிக்கையின் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. தம்பி கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவளே அவள்தான். கழற்றிக் கட்டிலில் வீசினாள்.

ரவிக்கைக் கையின் உட்பக்கம் நேர்த்தையல் மூன்று வரி ஓடியிருந்தது. உடம்பு பெருத்தால் உள்வரியைப் பிரித்துவிட்டால் போதும். ஆனால் அந்த வரியின் மேலேயே, வெளியே தெரியும்படி, பூத்தையல் ஏறி உட்கார்ந்திருந்தது. புது மிஷின், எழுபது வகைப் பூ. தைத்தவருக்குக் கை சும்மா இருக்குமா?

"கொஞ்சம் எழுந்திரு தாயே, உள்வரி பிரியணும்," என்றது நேர்த்தையல்.

"நானா? என்னைப் பார்த்துத்தான் நாலு பேர் எங்க தைச்சதுன்னு கேப்பாங்க. உன்னை எவன்யா பார்த்தான்?"

"நான் பிடிக்கலைன்னா நீ வெறும் நூல்."

"பிடிச்ச லட்சணம்தான் தெரியுதே! அவ கையே நுழையல."

நேர்த்தையலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படியா? இனி நீயே எழுந்தாலும் நான் பிரிய மாட்டேன்."

"பிரியாதே. யார் அழுதா?"

அழுதது திலகவதிதான். வெளியே, "நாத்தனார் எங்கேம்மா? முகூர்த்தம் போகுது!" என்று ஐயர் கத்தினார். தையல்கள் இரண்டும் மரியாதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பவுடர் டப்பாவுக்குப் பின்னால் துழாவினாள். அங்கே கிடந்தது யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. முதலில் பூவை அறுத்தது, அப்புறம் உள்வரியை அறுத்தது. கை சுலபமாக ஏறியது. அவள் மணவறைக்கு ஓடினாள்.

கட்டிலில் நூல் குப்பைக்கு நடுவே வாயைத் திறக்காமல் கிடந்தது, பாதியாக உடைந்த ஒரு பிளேடு.