ஒட்டாத எண்

அரவேணுவில் மழையில் மண் சரிந்து கிடந்த தேயிலைச் சரிவை, நிலச்சரிவு அறிக்கைக்காகச் சுரேந்திரன் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தான். ஒவ்வொரு கட்டத்தின் வெப்பநிலையையும் பக்கத்துக் கட்டங்களை வைத்தே நிரல் கணக்கிடும். எல்லாம் மழைமண்ணின் குளிரில் இருக்க, ஒரு கட்டம் மட்டும் முப்பத்தேழு டிகிரி காட்டியது. அந்த எண்ணை அவன் கொடுக்கவில்லை.

பிழையென்றால், கட்டங்களை இன்னும் சிறிதாக்கினால் குறைய வேண்டும். சிறிதாக்கினான். சூடு திரையில் சிவப்பாக ஓர் உருவமானது. கால்களை மடக்கி, ஒரு கையைத் தூக்கியபடி படுத்திருக்கும் ஆள்.

அலுவலகம் பெருக்கும் மூக்கம்மா வாசலில் நின்றாள். அவள் புருஷன் எல்லப்பன் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருந்தான். தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“ஏனுங்க சார், மண்ணுல காத வெச்சா அவரு இன்னும் தட்டறது கேக்குதுங்க. ஒருக்கா தோண்டச் சொல்லுங்க.”

“உங்களுக்கு அப்படித் தோணுதுங்க. போய் வேலையப் பாருங்க.”

சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ஒட்டாத எண் வந்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சூடான கட்டங்களை அழித்து, சுற்றியிருந்தவற்றின் சராசரியைப் போட்டான். வெப்பப் படம் முழுக்கக் குளிரின் நீலமானது. மேலதிகாரி பாராட்டினார்.

மறுநாள் மூக்கம்மா பெருக்கிக்கொண்டே சொன்னாள். “நேத்து சாயங்காலத்தோட சத்தம் நின்னுபோச்சுங்க சார். நீங்க சொன்னது சரிதானுங்க.”

அவள் போனதும் சுரேந்திரன் அழித்த எண்களைத் திரும்பக் கொடுத்துக் கணக்கை ஓட்டினான். உருவம் வந்தது. பக்கத்துக் கட்டங்கள் ஓரத்திலிருந்து அதைக் குளிர்விக்கத் தொடங்கின. கால்கள் நீலமாயின, பிறகு முகம். தூக்கியிருந்த கை மட்டும் கடைசிவரை சிவப்பாக இருந்தது.