அக்கா எடுத்த அளவு

ரோபோ கை கடைசி வெட்டை முடித்துவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது.

அக்கா மேடு பள்ளம் பார்க்கும் டயல் கேஜைக் கையில் எடுத்தாள்.

பட்டறையே படகு அச்சைச் சுற்றி நின்றது. முதலாளி, அச்சு செய்யச் சொன்ன படகுக்காரர், மற்ற வேலைக்காரர்கள். எல்லோருக்கும் முன்னால் தங்கை. சாப்பிடக்கூட மறந்த முகம், அதிலும் ஒரு களை. அந்தக் களையைப் பார்க்கப் பார்க்கத்தான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெட்டியவர் அளக்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். தங்கை வெட்டியதை அக்காதான் அளக்க வேண்டும்.

அச்சின் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருந்தால், புதிய கொட்டகையின் பொறுப்பு தங்கைக்கு. இல்லையென்றால் அக்காவுக்கு. முதலாளி காலையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்.

தங்கைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். யாரைச் சொல்லி நொந்துகொள்வது?

அக்காவின் மில்லிங் மெஷின் எஃகையே வெண்ணெய் மாதிரி வெட்டும். மயிரிழை பிசகாது. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களில் ஒருவராவது அதைத் திரும்பிப் பார்த்ததுண்டா? எல்லோரும் நேராகத் தங்கை ஓட்டும் ரோபோ கையிடம்தான் போவார்கள். அது குனிவதையும் நிமிர்வதையும் வாய் பிளந்து பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பட்டறையில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். ஆளாளுக்கு விழுந்து விழுந்து கவனிப்பதால் வந்த பெயர்.

மாப்பிள்ளையின் லட்சணம் அக்காவுக்குத் தெரியாதா என்ன? எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரே இடத்துக்குத்தான் போய் நிற்கும். என்ன, அது நாம் சொன்ன இடமாக இருக்காது, அவ்வளவுதான். மடங்கி நின்று வெட்டும்வரை ஜோர். எட்டி வெட்டச் சொன்னால் தன் கனமே தாங்காமல் தொங்கிப்போய், அரை மில்லி ஆழமாகத் தோண்டிவிடும். எஃகைக் கொடுத்தாலோ உடம்பெல்லாம் உதறும். அதனால்தான் அதற்கு மரம், கெட்டி நுரை என்று பதமான சாப்பாடாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

தங்கை அந்தத் தொங்கலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் வேறொரு கட்டியில் வெட்டிப் பார்ப்பது. எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று அளப்பது. அந்த இடத்தில் அந்த அளவுக்கு உயர்த்தி வெட்டும்படி ரோபோவுக்குச் சொல்லிவிடுவது. முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

அக்கா கேஜின் முனையை விளிம்பில் வைத்து நகர்த்தினாள். பக்கத்து மூலை சரியாக இருந்தது. அது சரியாகத்தான் இருக்கும். மெல்லத் தள்ளிக்கொண்டே தூரத்து மூலைக்குப் போனாள். கை முழுசாக நீண்டு வெட்டியது அங்கேதான்.

முள் அசையவில்லை.

முனையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் அசையவில்லை.

அது எப்படிச் சரியாக இருக்க முடியும்?

சோதனைக் கட்டியை அளந்தவளும் அக்காதான். அவள் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, தங்கை கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பள்ளமாக இருந்த இடத்தையெல்லாம் அக்கா மேடு என்று சொல்லியிருந்தாள். மேடு என்றால் தங்கை இன்னும் இறக்கி வெட்டச் சொல்வாள். அரை மில்லிப் பள்ளம் ஒரு மில்லியாகும். அச்சு குப்பைக்குப் போகும், கொட்டகை தனக்கு வரும். அக்கா போட்ட கணக்கு அது.

"மட்டமா இருக்கு" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

படகுக்காரர் கை தட்டினார். முதலாளி தங்கையின் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் அக்கா எடுத்த அளவு சார். அது இல்லன்னா ஒண்ணுமே நடந்திருக்காது."

எல்லோரும் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே தங்கை கேஜை வாங்கிக்கொள்ளக் கிட்டே வந்தாள். அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"நீட்டின கை தொங்கத்தானேக்கா செய்யும், மேலயா எழும்பும்? அசதில மாத்திச் சொல்லிட்ட போல. நான் சரி பண்ணிக்கிட்டேன்."

வயிற்றெரிச்சலில் அக்காவுக்கு இது தோன்றவே இல்லை. பொய் சொன்னதுதான் சொன்னாள், எண்ணைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவசரத்தில் திசையை மாற்றித் தொலைத்திருந்தாள்.

முதல் அளவைச் சொன்னபோது தங்கையின் விரல் ஒரு நொடி நின்றது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தட்டினாள். அடுத்தடுத்த அளவுகளுக்கு நிமிரவே இல்லை.

அசதியாம். ஒன்றிரண்டு மாறினால் அசதி. ஒன்று விடாமல் மாறினால்?

சோதனைக் கட்டியை அளந்த அன்று சாயங்காலமும் தங்கை எப்போதும் போல ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, அக்காவின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வீடு வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலாளி கொட்டகைச் சாவியைத் தங்கையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை.

என் பெரியவளுக்கு இருக்கிற மனசு யாருக்கும் வராது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். தங்கைக்கு வேறு எது கிடைத்தாலும் இந்த மனசு மட்டும் கிடைக்காது என்று அக்கா இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.