வேலியோரப் பாத்தி

"அக்கா, நீங்களே வந்து பாருங்க. அடுத்த வருஷத்துக்கு இப்பவே அந்தக் கிழவன் என் வேலி மேல ஏறி உக்காந்துட்டான்!"

இர்மினா மூச்சிரைக்க வந்து நின்றபோது நான் சங்கத்துத் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தேன். உறைபனி விழுவதற்குள் அடைக்காவிட்டால் குழாய் வெடித்துவிடும். பாதி வேலையில் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல் கிளம்பினேன்.

போலந்தின் ஜாப்ஷே ஊரில், நான் தலைவியாக இருக்கும் எங்கள் தோட்டச் சங்கத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம். உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்ததுமே, அடுத்த வருஷம் எங்கே எது என்று குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுவோம். எதை நட்டாலும் எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் நட வேண்டும். அது விதி.

பெரியவர் அலோய்ஸிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலமெல்லாம் நிலக்கரி வெட்டியவர். அவருடைய பாத்திகள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். சந்தையில் காய் விற்கிற நானே அவர் காயைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவர்தான் இர்மினாவின் கம்பிவேலியை ஒட்டி வரிசையாகக் குச்சி நட்டிருந்தார்!

"என்ன பெரியவரே இது?"

"பூசணி. அதுக்கு அந்தாண்ட வெள்ளரி. கடைசியில கொடி பீன்ஸ்."

"எல்லாமே படர்ற ஜாதி! வேலிய ஒட்டி நட்டா கொடி எங்கே போகும்? எல்லாம் என் பக்கம்தானே வரும்?" என்றாள் இர்மினா.

அவள் கொதித்ததில் நியாயம் இருந்தது. தையல் கம்பெனி மூடியபிறகு மூன்று பிள்ளைகளோடு அவள் நம்பியிருந்தது அந்தத் துண்டு நிலத்தைத்தான். புதுசு வேறு. மே மாதம் நாலு நாள் வெயிலைக் கண்டதும் நாற்றையெல்லாம் நட்டுவிட்டாள். மாத நடுவில், கடைசிப் பனி விழுகிற ஜோஷ்கா திருநாள் கழியாமல் எங்கள் பக்கம் யாரும் நாற்றை வெளியே கொண்டுவர மாட்டார்கள். ஒரே ராத்திரி. பனி அத்தனையையும் கருக்கிவிட்டது.

அவள் யாரிடமும் போய் அழவில்லை. கருகியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முள்ளங்கி விதைத்தாள். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

"பெரியவரே, ஒரு மீட்டர் தள்ளுங்க," என்றேன்.

"முடியாது. மண்ணுன்னா அங்கதான் மண்ணு. மத்த இடமெல்லாம் உருளைக்கிழங்கு போட்டுப் போட்டுக் களைச்சுக் கிடக்குது."

"சரி, அரை மீட்டர்."

"ஒரு சாண்கூட முடியாது."

லாரிக்காரனிடமே பாதி விலைக்கு முட்டைக்கோஸ் வாங்குகிறவள் நான். என்னிடம் ஒரு சாண்கூட இறங்கி வராத ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"சங்கத்தை விட்டே நீக்கிடுவேன்!"

"நீக்குங்க தலைவியம்மா. இல்ல, வேற என்ன தண்டனை வேணா போடுங்க. குச்சியில மட்டும் கை வைக்காதீங்க."

"அப்போ என் பக்கம் தொங்குற காயை என்ன பண்றது?" என்று கத்தினாள் இர்மினா.

"தொங்கினாலும் அது என் காய்தான். ஒரு பிஞ்சைத் தொட்டே, தெரியும் சேதி!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்னது, உங்க காயா? இதோ தீர்ப்பு, கேட்டுக்குங்க. வேலி தாண்டின காயெல்லாம் இர்மினாவோடது! பூசணியோ பீன்ஸோ, உங்களுக்கு அதுல ஒரு விதைகூடக் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் கை நீட்டினீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்!"

"அநியாயம்!" தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார் அலோய்ஸி. "பாடுபட்டு வளர்க்கிறவன் நான், தின்கிறது அவளா?"

"ஆமா, நாங்கதான் தின்போம்!" இர்மினாவின் முகத்தில் அப்படி ஒரு களை. "வெள்ளரியை ஜாடி ஜாடியா உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, இதே வேலி ஓரத்துல உக்காந்து, உங்க கண்ணு முன்னாடி என் பிள்ளைங்க கடிப்பாங்க. பார்த்துக்கிட்டே இருங்க!"

தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். கதவைச் சாத்தும்போது திரும்பி ஒரு சிரிப்பு வேறு.

பெரியவர் குனிந்து தொப்பியை எடுத்தார். பாவமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேனோ?

"பேராசை பெருநஷ்டம்னு இந்த வயசுல நான் உங்களுக்குச் சொல்லணுமா? இப்பவாவது குச்சியைத் தள்ளி நடுங்க, தீர்ப்பை மாத்திடுறேன்."

"ஐயோ, மாத்திடாதீங்க!" பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அவள் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆகஸ்ட்ல ஒரு வாளி பீன்ஸ் கொண்டுபோய்க் குடுத்தேன், தாயி. 'நாங்க என்ன பிச்சைக்காரங்களா?'ன்னு வாளியோட திருப்பி அனுப்பிட்டா. சண்டை போட்டு ஜெயிச்சதை யாராவது திருப்பி அனுப்புவாங்களா, சொல்லுங்க?"