ஒரு சிகரெட்டுக்கு இரண்டு சட்டை

சிகரெட்டுக்கு வரி ஏறிய செய்தியை டி.வி.யில் வாசித்து முடிக்கவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவும் தன் வரியை ஏற்றிவிட்டாள்.

"இன்னையிலிருந்து ஒரு சிகரெட்டுக்கு ரெண்டு சட்டை!"

எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. சுவர் மெலிசு, நான் என்ன செய்ய?

அந்த வீட்டு வரி காசு இல்லை. பட்டன்.

அக்காவின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பஸ் டிரைவர். அவர் ஒரு சிகரெட் பிடித்தால், அக்கா தைத்து வைத்திருக்கும் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு அவரே பட்டன் தைத்துத் தர வேண்டும். அவ்வளவு பெரிய பஸ்ஸை முட்டுச் சந்தில் அலுங்காமல் திருப்புகிற மனிதர், ஊசியில் நூல் கோக்க நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதற்காகவே காய்ந்த துணியை நான் மறுபடி காயப் போட்டதுண்டு.

வரி வந்த கதையும் எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா?

அக்காவுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. மெஷின் ஓட்டலாம், ஊசியைப் பிடித்தால் நழுவுகிறது. பட்டன் இல்லாத சட்டையை, தைக்கத் துணி கொடுக்கிற கடைக்காரர் எடுக்க மாட்டார். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"நான் தைச்சுத் தரட்டுமா" என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதற்கு, அக்கா பல நாள் அவரோடு பேசவில்லை. பாவப்பட்டுக்கொண்டு ஒருத்தரும் தன் வேலையில் கை வைக்கக் கூடாதாம். அப்படியொரு ரோஷம்.

அப்புறம் ஒருநாள் அவர் மேல் சிகரெட் வாடை. அக்காவின் மூக்கு சாதாரண மூக்கா? எங்கள் வீட்டில் பால் அடிப்பிடித்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே விதித்தாள் வரி.

தண்டனை என்று ஆன பிறகு அதில் பாவம் பார்ப்பது எங்கே வந்தது? அண்ணன் முனகிக்கொண்டே தைத்தார். அக்கா முறைத்துக்கொண்டே வாங்கினாள். கடைக்காரரும் வழக்கம்போல் சட்டைகளை எடுத்துப் போனார்.

இன்றைக்கோ அண்ணன் பொங்கி எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இது அடுக்குமா? கவர்மென்டுக்கும் கட்டணும், உனக்கும் கட்டணுமா? கார்ல போற முதலாளிக்கும் அதே வரி, அவர் பின்னாடி நின்னு ஹாரன் அடிக்கிற எனக்கும் அதே வரி! இதுல நியாயம் எங்க இருக்கு?"

"நியாயம் வேணும்னா விட்டுடுங்க. வரியே கிடையாது."



எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வரியில் இதுதான் வேடிக்கை. விட்டுத் தொலை என்றுதான் போடுகிறார்கள். நிஜமாகவே எல்லாரும் விட்டுவிட்டால், போட்டவர்கள் பாடு திண்டாட்டம்.

கதவு படாரென்று திறந்தது. அண்ணன் கோபத்தை ஊதித் தள்ளப் பால்கனிக்கு வந்தார்.

நானும் போனேன். சும்மா இல்லை. அடுப்பு லைட்டர் மக்கர் செய்தது, சத்தியமாக.

"அண்ணே, தீப்பெட்டி இருந்தா குடுங்களேன்" என்று தடுப்புச் சுவருக்கு மேலே கையை நீட்டினேன்.

அவர் சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். திரும்பவும் சட்டைப் பையைத் தட்டினார்.

தீப்பெட்டி இல்லை.

விரலிடுக்கில் சிகரெட் மட்டும் இருந்தது. பற்றவைக்காத சிகரெட். பையிலேயே கிடந்து பழுப்பேறி, நடுவில் நசுங்கி, பாதித் தூள் உதிர்ந்துபோன பழைய சிகரெட். இதை வாயில் வைப்பதும் பையில் போடுவதுமாகத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார்.

எப்போது விட்டார் இந்த மனிதர்? அதுவும் எனக்குத் தெரியாமல்!

அண்ணன் விரலை உதட்டில் வைத்தார். என்னைப் போய் ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஊதி முடிச்சாச்சா? சட்டை ரெண்டும் எடுத்து வச்சிருக்கேன்!" உள்ளேயிருந்து அக்கா. கூடவே மெஷின் ஓடும் சத்தம்.

என் வாய் சும்மா இருக்கிற வாயா?

"அக்கா! உங்க வீட்டுப் புகை எங்க வீட்டுக்குள்ள வருது. மூச்சு முட்டுது!"

மெஷின் நின்றது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா ஆமா, எனக்கும்தான் நாறுது" என்றாள் அக்கா. "அதுக்குத் தனியா இன்னொரு சட்டை."